டாபாஸுடன் என்ன குடிப்பது?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் ஸ்பெயின் செல்கிறோம். செவில்லா, மாட்ரிட், சான் செபஸ்தியான் ஆகிய மூன்று ஊர்களிலும் மாலை உணவை, சிறு சிறு தட்டுகளில் பலவகை உணவு தரும் டாபாஸ் கடைகளிலேயே முடித்துக்கொள்ளத் திட்டம். எந்தத் தட்டுக்கு எந்த ஒயின் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? எல்லாவற்றுக்கும் சங்ரியா (பழம் கலந்த ஒயின்) போதுமா? எங்களில் ஒருவர் மது தொடுவதில்லை, இன்னொருவர் சைவம்.

பதில்:

பட்டியல் எழுதித் தரலாம். ஆனால் செவில்லாவில் ஒரு பாரில் நின்றபடி அதை எடுத்துப் பார்க்கும்போது, உங்கள் முன்னால் ஆலிவ், பொரித்த நெத்திலி, உருளைக்கிழங்கு ஆம்லெட், வினிகரில் ஊறிய மீன், உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். கையில் ஒரு கோப்பைதான் இருக்கும். ஐந்து தட்டுக்கு ஐந்து ஒயின் என்ற கணக்கு அங்கே செல்லாது. முதலில் சூப், பிறகு மீன், பிறகு இறைச்சி என்று வரிசையாகப் பரிமாறும் விருந்துக்குப் பொருந்தும் வழக்கம் அது. டாபாஸ் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் குடிப்பதை முதலில் முடிவு செய்கிறார்கள், அதற்குத் தோதாகத் தட்டுகளைச் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எல்லாத் தட்டோடும் ஒத்துப்போகும் பானம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தச் சமையலே சொல்லிவிடுகிறது. உப்பு, ஆலிவ் எண்ணெய், பூண்டு, வினிகர், பொரித்த மாவு ஆகியவை திரும்பத் திரும்ப வரும். எண்ணெய் படிந்த நாக்கைத் துடைத்துவிடக் குளிர்ச்சியும் புளிப்பும் வேண்டும். வினிகர் பட்ட வாயில் மென்மையான ஒயின் சப்பென்று போய்விடும், ஆகவே கொஞ்சம் கூர்மையும் வேண்டும். இனிப்பு இருந்தால் இரண்டாவது தட்டிலேயே திகட்டும். துவர்ப்பு மிகுந்திருந்தால் உப்பும் அதுவும் சேர்ந்து கசக்கும். ஆக, குளிர்ந்ததாகவும் இனிப்பற்றதாகவும் புளிப்புள்ளதாகவும் துவர்ப்புக் குறைந்ததாகவும் இருப்பது எதுவாயினும் சரி. ஸ்பெயினில் அப்படிப்பட்ட பானங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென்று ஒன்றை வைத்திருக்கிறது. ஆகவே எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊருக்கு அருகில் விளைவதைக் கேளுங்கள். உங்கள் பயணத்துக்கு இது ஒன்றே நல்ல வழிகாட்டி.

செவில்லாவில் அது ஷெர்ரி. ஷெர்ரி என்றால் இனிப்பு மது என்ற எண்ணம் நம்மவர்களிடம் பரவலாக உண்டு. பிரிட்டன் சந்தைக்காக இனிப்புக் கூட்டிச் செய்த க்ரீம் ஷெர்ரி உலகெங்கும் போனதால் வந்த வினை இது. செவில்லா அடங்கிய அந்தலூசியா வட்டாரத்தில் மக்கள் சாப்பாட்டுடன் குடிக்கும் ஷெர்ரியில் ஒரு லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரைகூட இருக்காது. உலகில் கிடைக்கும் ஒயின்களிலேயே மிகவும் வறண்ட சுவை கொண்டவற்றில் அதுவும் ஒன்று.

செவில்லாவுக்குத் தெற்கே காதிஸ் மாகாணத்தில் ஹெரெஸ், சான்லூகார், எல் புவெர்த்தோ தே சாந்தா மரியா என்ற மூன்று ஊர்கள் ஒரு முக்கோணமாக அமைந்திருக்கின்றன. அங்கே வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்பு மண்ணில் பலோமினோ என்ற திராட்சை விளைகிறது. அதிலிருந்து எடுக்கும் ஒயினில் திராட்சைச் சாராயம் சேர்த்து மதுச்சத்தைச் சுமார் 15 சதவீதத்துக்கு உயர்த்துகிறார்கள். பிறகு ஏறக்குறைய 600 லிட்டர் கொள்ளும் ஓக் பீப்பாய்களில், விளிம்புவரை நிரப்பாமல் ஆறில் ஒரு பங்கு இடம் விட்டு ஊற்றி வைக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில், ஒயினின் மேற்பரப்பில், ஈஸ்ட் ஒரு வெண்ணிற ஆடையாகப் படர்கிறது. அதற்கு ஃப்ளோர் என்று பெயர். காற்று உள்ளே புகாமல் அது தடுக்கிறது. ஒயினில் வழவழப்புத் தரும் கிளிசராலைத் தின்றுவிடுகிறது. ரொட்டி மாவும் பச்சைப் பாதாமும் கலந்தது போன்ற ஒரு மணத்தைக் கொடுக்கிறது. இப்படி வருவதுதான் ஃபீனோ. இதே முறையில் சான்லூகாரில் மட்டும் முதிர்வது மன்சனீயா. குவாதல்கிவிர் ஆறு கடலில் கலக்கும் இடம் அது. ஈரக் காற்றினால் ஃப்ளோர் அடர்த்தியாக வளரும், சுவை இன்னும் மெலிதாக இருக்கும்.

சாராயம் சேர்த்து மதுச்சத்தை 17 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனால் ஃப்ளோர் உயிர் வாழாது. காற்று பட்டுப் பட்டு ஒயின் பழுப்பேறி, அக்ரோட்டு மணத்துடன் ஒலோரோசோ ஆகிறது. சில காலம் ஃப்ளோரின் அடியில் இருந்து, பின்னர் அதை இழந்து காற்றில் முதிர்வது அமொந்தியாதோ. பழைய பீப்பாயிலிருந்து ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சற்றே இளைய பீப்பாயின் ஒயினால் நிரப்பிக்கொண்டே வருவார்கள். அதனால் பெரும்பாலான ஷெர்ரிப் புட்டிகளில் விளைந்த ஆண்டு இருக்காது, தேடி ஏமாறாதீர்கள்.

இனி தட்டுக்கு வருகிறேன். காதிஸ் பக்கத்தில் பொடி இறாலைக் கடலை மாவில் கலந்து மொறுமொறுப்பாகப் பொரிக்கும் அடை ஒன்று உண்டு. அதையோ, பொரித்த நெத்திலியையோ மன்சனீயாவுடன் சாப்பிட்டுப் பாருங்கள். வறுத்த மீனின்மேல் பிழிந்த எலுமிச்சை செய்யும் வேலையை அந்த ஒயின் செய்யும். ஓக் மரக் கொட்டை தின்று வளர்ந்த ஐபீரியப் பன்றியின் ஹமோனுக்கும் (முன்பு சொன்ன உலர்த்திய பன்றித் தொடை) ஃபீனோதான் என் தேர்வு. அதன் கொழுப்பு வாயின் சூட்டிலேயே உருகும். உப்பும் தூக்கலாக இருக்கும். பலரும் பழக்கத்தில் அதற்கு அழுத்தமான சிவப்பு ஒயின் கேட்கிறார்கள். துவர்ப்பும் உப்பும் மோதி, விலை உயர்ந்த அந்த இறைச்சியின் இனிமையை மறைத்துவிடுகின்றன. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஸ்பெயினிலேயே ஏராளமாக உண்டு. ஒரே தட்டை வைத்துக்கொண்டு இரண்டையும் குடித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஃபீனோவுக்கு இன்னொரு அரிய குணம் இருக்கிறது. கூனைப்பூ என்கிற ஆர்ட்டிசோக், தண்ணீர்விட்டான் வகையான அஸ்பராகஸ், வினிகரில் ஊறிய மீன் ஆகியவை ஒயின் சுவைஞர்கள் அஞ்சும் பொருட்கள். ஆர்ட்டிசோக் சாப்பிட்ட பின் குடிக்கும் எதுவும் செயற்கையாக இனிக்கும். ஃபீனோவில் பழச்சுவையும் இனிப்பும் அநேகமாக இல்லாததால், இவை அதைக் கெடுப்பதில்லை. வேறு ஒயின்கள் தடுமாறும் தட்டில் இது உறுதியாக நிற்கிறது.

ஹெரெஸ் பக்கம் ஒரு வாய்மொழி விதி உண்டு: நீந்துவதற்கு ஃபீனோ, பறப்பதற்கு அமொந்தியாதோ, ஓடுவதற்கு ஒலோரோசோ. மீனும் இறாலும் வந்தால் ஃபீனோ, கோழியும் காடையும் வந்தால் அமொந்தியாதோ, மாட்டிறைச்சியோ பன்றிக் கன்ன இறைச்சியோ வந்தால் ஒலோரோசோ என்று பொருள். பட்டியல் வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்ததை என்னால் எழுத முடியாது. காளானும் முதிர்ந்த மான்செகோ பாலாடைக்கட்டியும் அமொந்தியாதோவுக்கு என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஃபீனோவும் மன்சனீயாவும் 7 முதல் 9 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் வர வேண்டும். புட்டி குளிர்பெட்டியிலிருந்து வருகிறதா, அலமாரியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். அலமாரியிலிருந்து வந்தால் பீருக்கு மாறிவிடுங்கள். திறந்த ஃபீனோ ஒரு வாரத்துக்குள் தீர வேண்டிய பொருள். ஆகவே கூட்டம் நிறைந்த, புட்டிகள் வேகமாகக் காலியாகும் கடையே நல்ல கடை. நான்கு பேர் சேர்ந்து போவதால் அரைப் புட்டியாகவே கேட்கலாம். செவில்லாவில் அது சாதாரணம். ஆனால் 15 சதவீதம் என்பது பீரின் 5 சதவீதத்தைப் போல மூன்று மடங்கு என்பதை மறக்க வேண்டாம். கோப்பை சிறிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான். ஒரு வாய் உணவு, ஒரு சிறு மிடறு என்று போக வேண்டும். வெயிலில் அலைந்து களைத்த நாளில், மன்சனீயாவுடன் எலுமிச்சை சோடாவும் புதினாவும் சேர்த்த ரெபுஹீத்தோ கிடைக்கும். ஏப்ரல் திருவிழாவில் செவில்லா முழுவதும் குடிப்பது அதைத்தான்.

சைவ நண்பருக்கு ஒரு நற்செய்தி: செவில்லாவின் அடையாள உணவுகளில் ஒன்று, சீரகமும் பூண்டும் போட்டு வதக்கிய கீரையும் கொண்டைக்கடலையும். 1670 முதல் நடந்துவரும் எல் ரின்கோன்சீயோ என்ற மதுக்கடையில் அதற்குத் தனிப் புகழ் உண்டு; அங்கே கணக்கை மரமேசையின் மேலேயே சுண்ணக்கட்டியால் எழுதுவார்கள். சீரக வாசனைக்கு அமொந்தியாதோ அருமையாகப் பொருந்தும். கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவதும், உப்புத் தூவிய பாத்ரோன் மிளகாயும், உருளைக்கிழங்கு ஆம்லெட்டும் (முட்டை சாப்பிடுவார் என்றால்) பெரும்பாலும் எங்கும் கிடைக்கும். தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த சல்மொரேஹோவின் மேல் ஹமோன் துணுக்குகளைத் தூவிவிடுவார்கள். வேண்டாமென்று முன்பே சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு சாலட்டில் சூரை மீன் ஒளிந்திருக்கும். வெண்ணிற மாவுக்கூழை உருட்டிப் பொரித்த க்ரொக்கெத்தாவுக்குள் பன்றி இறைச்சி இருப்பது வழக்கம். குடிப்பதிலும் ஒன்று உண்டு: சில ஒயின்களைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ ஜெலட்டினோ பயன்படுகிறது. கடுமையான சைவராக இருந்தால் புட்டியில் வீகன் குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மாட்ரிட் நகரத்துக்கென்று தனி ஒயின் அடையாளம் அவ்வளவு வலுவானதல்ல. அதன் அடையாளம் கான்யா, அதாவது சுமார் 200 மில்லி கொள்ளும் சிறு குவளையில், மேலே நுரை மூடி வரும் குழாய் பீர். அளவு ஏன் இவ்வளவு சிறியது என்று முதல் நாள் தோன்றும். சூடேறுவதற்குள் குடித்து முடித்து, இன்னொன்று புதிதாகக் கேட்பதற்காகத்தான். பெரிய குவளை கேட்டால் பாதியில் வெதுவெதுப்பாகிவிடும், வயிறும் நிரம்பிவிடும், அப்புறம் தட்டுகளுக்கு இடம் இருக்காது. உருளைக்கிழங்கு ஆம்லெட்டுக்குக் கான்யாவைவிட நல்ல துணை குறைவு. முட்டை நாக்கில் ஒரு படலமாகப் படியும். பீரின் குமிழிகள் அதைச் சுரண்டி எடுத்துவிடும். பிராவாஸ் என்ற உருளைக்கிழங்குத் தட்டின் சாஸிலும் சற்றுக் காரம் இருக்கும். நம் நாக்குக்கு அது பெரிதல்ல என்றாலும், காரத்துடன் மதுச்சத்து அதிகமான எதைக் குடித்தாலும் எரிச்சல் கூடும் என்பதால் அங்கேயும் பீர்தான். பாத்ரோன் மிளகாய்க்கும் இதே காரணம். பத்தில் ஒன்றிரண்டு உண்மையாகவே உறைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாட்ரிட்டில் இருந்தால், நண்பகல் 12 மணிக்கு மேல் வெர்முத் குடிக்கப் போங்கள். மூலிகைகளும் பட்டைகளும் ஊறிய, இனிப்பும் கசப்பும் கலந்த செந்நிற ஒயின் அது. கத்தலூனியாவின் ரேயுஸ் நகரம் அதற்குப் பெயர் பெற்றது. மாட்ரிட்டின் பழைய கடைகளில் குழாயிலிருந்தே பிடித்துத் தருவார்கள். பனிக்கட்டி, ஒரு ஆரஞ்சுத் துண்டு, ஒரு ஆலிவ், விரும்பினால் கொஞ்சம் சோடா. இனிப்பு வேண்டாம் என்று மேலே சொன்னேன்; வெர்முத்தின் கசப்பு அந்த இனிப்பைச் சமன் செய்துவிடுவதால் இது மட்டும் விலக்கு. ஆனால் அதற்கான தட்டுகள் குளிர்ந்தவை, உப்பானவை: வினிகர் நெத்திலி, உருளைக்கிழங்கு சிப்ஸ், டப்பாவில் அடைத்த மட்டி. டப்பா உணவா என்று முகம் சுளிக்காதீர்கள். நல்ல மட்டியை டப்பாவில் அடைப்பது ஸ்பெயினில் மதிப்பான தொழில், விலையும் அதற்கேற்ப இருக்கும். சூடான பொரியல்கள் வரத் தொடங்கியதும் வெர்முத்தை நிறுத்திவிடுங்கள்.

ஷெர்ரியில் ஆசை வந்துவிட்டால், மாட்ரிட்டின் எச்செகராய் தெருவில் லா வெனென்சியா என்ற கடை இருக்கிறது. அங்கே ஷெர்ரி வகைகளைத் தவிர வேறு மது கிடையாது. படம் எடுக்கவும் கூடாது, டிப்ஸ் கொடுக்கவும் கூடாது. ஃபீனோ முதல் ஒலோரோசோ வரை ஒவ்வொரு கோப்பையாகச் சுவைத்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் தலைநகரில் எனக்குத் தெரியாது.

சிவப்பு ஒயின் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், சரியான தட்டுக்கு. மாட்ரிட் பாரில் சிவப்பு ஒயின் கேட்டால் பெரும்பாலும் ரியோஹாவா, ரிபேராவா என்று இரண்டு ஒயின் வட்டாரங்களின் பெயரைச் சொல்லித் திருப்பிக் கேட்பார்கள். இரண்டுக்கும் தெம்ப்ரனீயோ திராட்சைதான் அடிப்படை. டாபாஸுக்கு ரியோஹா, அதிலும் கிரியான்சா என்று குறிப்பிட்ட புட்டி போதும். இரண்டு ஆண்டு முதிர்ந்தது, அதில் ஓராண்டாவது பீப்பாயில் கழிந்தது என்பது அந்தச் சொல்லுக்கான சட்ட வரையறை. சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி, ஆட்டிறைச்சி, காளான், மாட்டிறைச்சித் துண்டுகள் ஆகியவற்றோடு அது நன்றாகச் சேரும். மீனோடு மட்டும் வேண்டாம். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனெண்ணெயோடு வினைபுரிந்து, வாயில் ஒரு கவிச்சியை விட்டுப்போகும். நெத்திலியோடு ஒரு மிடறு குடித்தாலே தெரிந்துவிடும்.

சான் செபஸ்தியானில் கதை மாறுகிறது. அங்கே டாபாஸ் என்று சொல்வதில்லை, பின்சோ என்பார்கள். ரொட்டித் துண்டின்மேலோ குச்சியில் குத்தியோ வரும். பழைய நகரத்தின் சந்துகளில் மக்கள் ஒரே கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. இந்தக் கடையில் அதன் சிறப்பான ஒன்று, ஒரு சிறு கோப்பை; பிறகு அடுத்த கடை. ஆகவே ஒரு தட்டுக்கு ஒரு ஒயின் என்று நீங்கள் கேட்ட கணக்கு, உண்மையில் இந்த ஊரில் மட்டும் நடக்கும்.

முதல் கடையில் சாகொலி. கெத்தாரியா போன்ற கடலோர ஊர்களின் சரிவுகளில் விளையும் வெள்ளை ஒயின் இது. மதுச்சத்து 11 சதவீத அளவுதான், புளிப்பு தூக்கல், நாக்கில் லேசாகச் சுருக்கென்று குத்தும் குமிழிகள். அகன்ற கண்ணாடிக் குவளையில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். விழும் வேகத்தில் குமிழியும் மணமும் எழும். அதனுடன் கில்தா கேளுங்கள்: ஒரு குச்சியில் பச்சை ஆலிவ், உப்பு நெத்திலி, ஊறவைத்த பச்சை மிளகாய். உப்பு, புளிப்பு, காரம், எண்ணெய் நான்கும் ஒரே வாயில் வரும். இந்தப் பதிலில் நான் சொல்லும் இணைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அடுத்த கடையில் கிரில் செய்த மாட்டிறைச்சியோ ஒயினில் வெந்த கன்ன இறைச்சியோ இருந்தால் ரியோஹாவுக்கு மாறுங்கள். ரியோஹா ஒயின் பகுதியின் ஒரு கூறான அலவேசா, சான் செபஸ்தியான் இருக்கும் பாஸ்க் நாட்டுக்குள்ளேயே இருப்பதால், அதுவும் உள்ளூர்ச் சரக்குதான். பீர் வேண்டுமென்றால் சுரீத்தோ என்று கேளுங்கள். கான்யாவைவிடவும் சிறிய குவளை, கடை கடையாக நடப்பவர்களுக்காகவே வந்தது.

அங்கே ஆப்பிள் சைடரையும் தவறவிடாதீர்கள். இனிப்பும் வாயுவும் சேர்த்து விற்கப்படும் சைடர் வேறு, இது வேறு. கலங்கலாக, நல்ல புளிப்புடன், சுமார் 6 சதவீத மதுச்சத்துடன் இருக்கும். மேற்கே அஸ்தூரியாஸில் இதைத் தலைக்குமேல் தூக்கிய புட்டியிலிருந்து இடுப்பளவில் பிடித்த குவளையில் ஊற்றுவார்கள். இரண்டு விரல் அளவுதான் ஊற்றுவார்கள். நுரை அடங்குமுன் ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். அந்தச் சைடர் பண்பாட்டை யுனெஸ்கோ 2024-இல் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. சைடரிலேயே வேகவைத்த சோரிசோ, கடும் மணமுள்ள நீலப் பாலாடைக்கட்டியான கப்ராலெஸ் இரண்டுக்கும் அது தேவைப்படுகிறது.

நான்கு பேருக்கும் கருத்து ஒத்துப்போகாத இரவில் ஒரு புட்டி காவா வாங்கிவிடுங்கள். பார்சலோனாவுக்கு அருகே சான் சதுர்னி என்ற ஊரில் 1872-இல் தொடங்கிய மரபு. ஷாம்பெயின் போலவே புட்டிக்குள் இரண்டாம் முறை நொதித்து, குறைந்தது 9 மாதம் முதிர்ந்து வருவது. லேபிளில் ப்ரூட் நாத்தூரே என்று இருந்தால் சர்க்கரை சேர்க்கவில்லை என்று பொருள், அதையே எடுங்கள். க்ரொக்கெத்தா போன்ற பொரியல் எல்லாவற்றுக்கும் அது ஏற்றது. வடமேற்கு ஸ்பெயினின் உணவு தரும் கலீசியக் கடைகளில் மிளகாய்த்தூள் தூவிய ஆக்டோபஸ் சாப்பிட்டால் அந்தக் கடற்கரையின் அல்பரீன்யோ வெள்ளை ஒயின்.

சங்ரியா பற்றி: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் செய்ததைத்தான் வெறுமனே அந்தப் பெயரில் விற்கலாம். அந்த அளவுக்கு நாட்டின் அடையாளம்தான். ஆனால் பழமும் சர்க்கரையும் சேர்ந்த அது மீனையும் வினிகரையும் ஹமோனையும் ஒரேயடியாக மூழ்கடித்துவிடும். சுற்றுலாத் தெருக்களில் பெரிய ஜாடியில் வருவதன் தரமும் பெரும்பாலும் சுமார். குளிர்ந்த சிவப்பு ஒயின்தான் ஆசை என்றால், தின்தோ தே வெரானோ கேளுங்கள். சிவப்பு ஒயினும் சோடாவும் பாதிக்குப் பாதி, நிறையப் பனிக்கட்டி. கோடையில் ஸ்பானியர்கள் குடிப்பது பெரும்பாலும் அதுதான். எலுமிச்சை சோடாவுக்குப் பதிலாக இனிப்புக் குறைந்த வெள்ளை சோடா கலந்து தரச் சொல்லலாம்.

மது தொடாத நண்பரை ஒரு கோலாவுடன் உட்காரவைக்க வேண்டாம். மோஸ்தோ என்று கேட்கச் சொல்லுங்கள்: நொதிக்காத திராட்சைச் சாறு, வெர்முத்தைப் போலவே பனிக்கட்டி, ஆரஞ்சுத் துண்டு, ஆலிவுடன் வரும். கொஞ்சம் இனிப்பு என்பதால் உப்பு ஆலிவும் சிப்ஸும் அதற்கு நன்று. பொரியல்களுக்குக் கசப்பு பானமான பிட்டர் காஸ், சிவப்பு நிறத்தில், மதுச்சத்து இல்லாமல் கிடைக்கிறது. இனிப்பும் இருக்கிறது, ஆனால் கசப்பு எண்ணெயை நன்றாக வெட்டும். மதுவில்லா பீர் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதில் ஒரு எச்சரிக்கை: சின் அல்கோல் என்று எழுதியிருப்பதில் 1 சதவீதத்துக்குள் மது இருக்க ஸ்பானியச் சட்டம் அனுமதிக்கிறது. சமயக் காரணத்துக்காகவோ மருத்துவக் காரணத்துக்காகவோ தவிர்ப்பவர் 0,0 என்று எழுதியதையே கேட்க வேண்டும். தட்டிலும் மது வரும் என்பதை நினைவில் வையுங்கள்: சைடர் சோரிசோ, ஒயினில் வெந்த கன்ன இறைச்சி, செவில்லாவின் விஸ்கி சாஸ் பன்றி இறைச்சி ஆகியவை பெயரிலேயே சொல்லிவிடும். பூண்டு இறாலில் சில கடைகள் ஒரு கரண்டி ஷெர்ரியோ பிராந்தியோ ஊற்றுவதுண்டு, அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊருக்கு ஒரு புட்டி கொண்டுவர நினைத்தால் ஃபீனோவை விட்டுவிடுங்கள். புதிதாக இருக்கும்போதுதான் அதற்கு அழகு. அமொந்தியாதோவோ ஒலோரோசோவோ வாங்குங்கள். காற்றோடு பழகி வளர்ந்தவை என்பதால் பயணத்தின் சூட்டையும் ஓரளவு தாங்கும், திறந்த பிறகும் வாரக்கணக்கில் கெடாது. வாங்கும்முன் புட்டியில் செக்கோ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இனிப்பற்றது என்பது அதன் பொருள்.